சொற்பச் செலவில் வயல் வேலைகளை வீடியோப் படமாக்கும் முறை

விவசாய வேலைகள் யாவும் அதனதன் பருவத்தில் சில நாட்களுக்குள் நடந்து முடிந்துவிடுவன. ஒரு வேலையில் கைதேர்ந்தவர் அதனைச் செய்யும்போது அருகிலிருந்து பார்த்தே பிறர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் காலத்திற்குப் பின் அவருடைய கைப்பழக்கமும் மறைந்துபோகிறது. எழுத்தினால் அதில் ஒரு பகுதியையே காப்பாற்ற இயலும். ஆனால் இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள கைப்பேசியைக் கொண்டே அவ்வேலையை வீடியோப் படமாக எடுத்து வைக்கலாம். இதற்குப் பணத்தைவிட முன்யோசனையே அதிகம் தேவை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்யோசனை இல்லாமையால் நேர்ந்த ஒரு நஷ்டத்தை முதலில் கூறுவது பொருந்தும். விதை நெல்லை உப்பு நீரில் இட்டுத் தேர்ந்தெடுப்பதில் மிக்க அனுபவமுள்ள முதியவர் ஒருவரை நாம் ஒரு சமயம் படம் எடுத்தோம். அன்று காற்று பலமாயிருந்தது. பக்கத்தில் பம்புசெட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிற்கு வந்து போட்டுப் பார்த்தபோது அவருடைய கைகள் தெளிவாய்த் தெரிந்தன. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அடுத்த பட்டத்தில் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். அதற்குள் அவர் காலமாகிவிட்டார். இரண்டு நிமிஷ நேரம் மோட்டாரை நிறுத்தியிருந்தால் அந்த நஷ்டம் ஏற்பட்டிராது.

வேண்டிய கருவிகள்

ஆரம்பத்தில் புதிய காமிரா வாங்க வேண்டியதில்லை. சுமாரான கைப்பேசியே போதும். கையிலுள்ள பணத்தில் முதலில் வாங்கத்தக்கது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சட்டையில் செருகும் மைக் ஆகும். மங்கலான படத்தையும் ஜனங்கள் பொறுமையாய்ப் பார்ப்பார்கள். விளங்காத பேச்சை ஒரு நிமிஷமும் கேட்கமாட்டார்கள். அதற்கு அடுத்தது முக்காலி. அது இல்லாவிடில் மணல் நிரப்பிய சிறு பையைச் சுவரின்மீதோ வண்டியின்மீதோ வைத்து, அதில் கைப்பேசியை அசையாமல் பதித்துக்கொள்ளலாம்.

முதலில் ஏட்டில் எழுதிக்கொள்ளுதல்

படம் எடுக்குமுன் வேலையின் படிகளை வரிசையாக ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். உதாரணமாக, மேலே சொன்ன விதைத் தேர்வுக்கு ஐந்து படிகள் உண்டு:

1. தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்தல்.
2. அதில் புதிய கோழிமுட்டையை இட்டு, முட்டை மிதந்து அதன் மேற்பாகம் நாணயமளவு வெளியே தெரியும்வரை உப்பைச் சேர்த்தல்.
3. விதை நெல்லைக் கொட்டிக் கலக்குதல்.
4. மிதக்கும் பதரையும் அரைகுறை மணிகளையும் அரித்து நீக்குதல்.
5. அமிழ்ந்த விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவுதல்.

இவற்றுள் இரண்டாவது படியே வீடியோவின் பயனை நன்கு விளக்கும். முட்டை பழைய 25 பைசா நாணயத்தின் அளவு வெளியே தெரியவேண்டும் என்று சொல்லிவருவது வழக்கம். அந்நாணயம் 2011-ஆம் வருஷத்திலேயே செல்லாததாகிவிட்டது; இக்காலத்துப் பிள்ளைகள் பலர் அதனைப் பார்த்ததுமில்லை. படத்தில் பார்ப்பவருக்கு நாணயத்தின் உதவியே வேண்டியதில்லை.

ஐந்தாவது படியோ எச்சரிக்கைக்கு உரியது. படம் நீளுகிறதென்று அதனை விட்டுவிட்டால், பார்ப்பவர் உப்பைக் கழுவாமலே விதையை விதைத்து முளைப்பைக் கெடுத்துக்கொள்ளக்கூடும். ஆகையால் எழுதிய படிகள் யாவும் எடுக்கப்பட்டனவா என்று வயலைவிட்டுக் கிளம்புமுன் ஒருமுறை சரிபார்க்கவேண்டும்.

வெளிச்சமும் ஒலியும்

காலை வெயிலும் மாலை வெயிலும் படத்திற்கு உகந்தவை. நடுப்பகலில் முண்டாசின் நிழல் முகத்தை மறைத்துவிடும். சூரியன் படம் எடுப்பவரின் முதுகுப்புறமோ பக்கவாட்டிலோ இருக்கவேண்டும். நிழலில் எடுக்க நேர்ந்தால், வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடித்து வெளிச்சத்தை முகத்தின்மேல் திருப்பலாம்.

மைக் இல்லாதவர்கள் இரண்டாவது கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிப் பேசுபவரின் சட்டைப்பையில் வைக்கலாம். தொடக்கத்தில் ஒருமுறை கையைத் தட்டினால், பிற்பாடு படத்தையும் ஒலியையும் அந்த ஓசையைக்கொண்டு பொருத்திவிடலாம். காற்று வீசும்போது மைக்கின்மேல் மெல்லிய பஞ்சுறை இருக்கவேண்டும். முதல் அரை நிமிஷத்தை எடுத்துப் போட்டுக் கேட்ட பின்னரே மேலே தொடரவேண்டும்.

படம் பிடித்தல்

கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடிக்கவேண்டும். லென்ஸை மெல்லிய துணியால் துடைத்து, அழைப்புகள் குறுக்கிடாதபடி விமானப் பயன்முறையில் வைத்துக்கொள்ளுதல் நலம். படத்தின் தரத்தை 1080 என்ற அளவில் வைத்தால் போதும். இதில் ஒரு நிமிஷப் படத்திற்குச் சுமார் 60 முதல் 130 மெகாபைட் இடம் பிடிக்கும். அதற்கு மேற்பட்ட 4கே தரம் பன்மடங்கு இடத்தைத் தின்றுவிடும். வயல் பாடங்களுக்கு அது அவசியமில்லை.

ஒவ்வொரு படியையும் மூன்று விதமாக எடுக்கவேண்டும். முதலாவது, இடம் முழுவதும் தெரியும்படி தூரத்திலிருந்து. இரண்டாவது, ஆளும் அவர் வேலையும் தெரியும்படி நடுத்தரமாக. மூன்றாவது, கைகள் மட்டும் தெரியும்படி கிட்டத்தில். ஒவ்வொன்றிலும் கைப்பேசியை 10 விநாடியாவது அசைக்காமல் பிடிக்கவேண்டும். திரையில் விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால் பெரும்பாலும் படம் மங்கும். அதைவிட இரண்டடி முன்னே நடந்து செல்வதே மேல்.

கத்தரித்துக் கோத்தல்

இதனையே எடிட்டிங் என்பர். ஏட்டில் எழுதிய வரிசைப்படி படம் எடுத்தவருக்கு இவ்வேலை பாதி முடிந்தது போலாகும். கைப்பேசியிலேயே இதைச் செய்ய இலவசச் செயலிகள் உண்டு. கணினி வைத்திருப்பவர்கள் ஷாட்கட், கேடன்லைவ் ஆகிய இலவச மென்பொருள்களை உபயோகிக்கலாம். டாவின்சி ரிசால்விலும் இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் அதற்குச் சக்தி வாய்ந்த கணினி தேவை.

முதலில் பயனற்ற துண்டுகளை நீக்கவேண்டும். பிறகு மீந்தவற்றைப் படிகளின் வரிசையில் கோக்கவேண்டும். கடைசியில் அளவுகளைத் திரையில் எழுத்தால் காட்டவேண்டும். மருந்து, உரம் முதலியவற்றின் அளவைக் காட்டும்போது ஏக்கருக்கா ஹெக்டேருக்கா என்பதைத் தவறாமல் குறிக்கவேண்டும். ஒரு ஹெக்டேர் சுமார் இரண்டரை ஏக்கராகையால், இதில் பிசகினால் அளவும் அவ்வளவு மடங்கு பிசகிவிடும். சினிமாப் பாட்டுகளைச் சேர்த்தால் பிறர் உரிமையில் தலையிட்டதாகும், பேச்சும் மறைந்துபோகும். ஒரு பாடம் ஐந்து நிமிஷத்திற்கு மேற்படாமல் இருப்பது உசிதம்.

முடிந்த படத்திற்கு இரண்டு பிரதிகள் எடுத்து வெவ்வேறிடங்களில் வைக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேரும்.

காண்பிக்கும் முறை

2006-ஆம் வருஷத்தில் பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ரிகின் காந்தி என்பவர் டிஜிட்டல் கிரீன் என்னும் முயற்சியைத் தொடங்கினார். அது 2008-இல் தனி ஸ்தாபனமாயிற்று. கர்நாடகக் கிராமங்களில் அவ்வூர் விவசாயிகளையே படம் எடுத்து, அதனைச் சிறு கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். படம் பார்த்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, படத்தில் வருபவரின் பெயர் என்ன, எந்த ஊர்க்காரர் என்பதே. தம்மைப்போன்ற ஒருவர் தம் நிலத்தில் செய்து காட்டும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது என்பது இதனால் விளங்கும். ஆகவே நமது படங்களிலும் விவசாயி தம் ஊர், மண், பட்டம் ஆகியவற்றைத் தம் பேச்சிலேயே முதலில் சொல்லவேண்டும்.

அங்கே இன்னொரு முறையையும் கையாண்டார்கள். படத்தை ஒரே மூச்சில் ஓட்டிவிடாமல், விஷயம் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்து, இடையிடையே நிறுத்திக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவந்தார். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இவ்வாறான கூட்டங்களுக்குச் சமுதாயக் கூடத்தையோ பள்ளிக்கூடத்தையோ மாலை வேளையில் ஏற்பாடு செய்து கொடுக்கலாம். அதில் ஒரு விவசாயி, விதையைக் கழுவாவிட்டால் என்ன என்று கேட்டுத் தெளிந்துபோனால், அதுவே படத்தின் பலன்.

படத்தில் தோன்றும் கூலியாட்கள் உட்பட யாவரிடமும் முன்னதாகச் சம்மதம் பெறவேண்டும். ஒரு முறையினால் தமக்கு நஷ்டம் ஏற்பட்டிருந்தால் அதையும் விவசாயி மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். பிறருக்கு அதுவும் பாடமே.

ஒவ்வொரு கிராமத்திலும் நல்ல வேலைப்பழக்கமுள்ள முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். வருகிற பட்டத்தில் அவர்களுள் ஒருவரையேனும் அணுகி, ஒரே ஒரு வேலையைப் படிகள் விடாமல் எடுத்து வைப்பதே ஆரம்பத்திற்குப் போதுமானது. மோட்டாரை நிறுத்திவிட்டு எடுக்க மறவாதிருப்பார்களாக.