பனியிலும் மறையாத தடம்

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தோரோங் லா கணவாய். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூட்ஹூட் புயலின் மிச்சம் இமயமலையில் பனிப்புயலாகக் கொட்டியது. அந்த வட்டாரத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணவாயில் பாதை பனிக்குள் புதைந்து, திசை தெரியாமல் தவித்தவர்கள் பலர். வந்த வழியைப் பதிந்துவைத்துத் திரும்பவும் காட்டும் ஜி.பி.எஸ். கருவியின் அருமை அப்படியொரு வெண்மைக்குள் நிற்கும்போதுதான் புரியும்.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தை ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால், அவை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்கிட்டுவிடும். சிம் கார்டோ டவரோ வேண்டாம். ஆனால் செங்குத்தான பள்ளத்தாக்கில் சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வரும். நேராக நடந்திருப்போம், திரையில் தடம் கோணல்மாணலாக ஓடும். இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்கும் கருவிகளில் இந்தக் குழப்பம் குறைவு.

செல்போன் போதாதா? ஒருநாள் நடைக்குத் தாராளமாகப் போதும். பத்து நாள் பயணத்துக்குப் போதாது. உறைகுளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும். தடித்த கம்பளிக் கையுறையோடு தொட்டால் தொடுதிரை அசையாது. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். அதனால் கட்டைவிரலால் அழுத்தக்கூடிய பொத்தான்கள் உள்ள கருவியையே வாங்குங்கள். திரையின் பளபளப்பு இரண்டாம்பட்சம்.

அதைவிட முக்கியம் பேட்டரி. கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரி போடும் கருவியே என் தேர்வு. கார்மின் இட்ரெக்ஸ் எஸ்இ, இரண்டு ஏஏ பேட்டரியில் 168 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். குளிர்ப் பிரதேசத்துக்கு அல்கலைன் வேண்டாம், லித்தியம் வாங்குங்கள். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். பதிந்த தடத்தை ஜி.பி.எக்ஸ். கோப்பாக எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அப்போதுதான் அடுத்து வருபவருக்கும் அது பயன்படும்.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை மட்டும் யோசித்து வாங்குங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள்.

வாங்கியதும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஊருக்குள்ளேயே ஒரு நடை போய், பதிந்த தடத்தைப் பிடித்தபடி வீடு திரும்பிப் பாருங்கள்.