ஒரு நாள் குற்றாலம்: பயணிகள் கடக்கும் எல்லை, எச்சரிக்கை கடக்காத எல்லை

ஆரியங்கோடு: எந்தத் தலைநகருக்கும் அருகே நீராடுவதற்கென்று பெயர் பெற்ற ஊர் ஒன்று உண்டு. லண்டன்வாசிகளுக்கு ரோமானியர் கால வெந்நீர் ஊற்றுகளைக் கொண்ட பாத் நகரம். தில்லிவாசிகளுக்கு ஹரியாணாவின் சோஹ்னாவில் உள்ள கந்தக ஊற்று. கேரளத் தலைநகரான திருவனந்தபுரத்துக்கோ அந்த இடத்தில் இருப்பது தமிழகத்தின் குற்றாலம். காலையில் புறப்பட்டு, அருவியில் நீராடி, இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் திருவனந்தபுரத்திலிருந்தும், அதன் தென்கிழக்கே தமிழக எல்லையை ஒட்டியுள்ள ஆரியங்கோடு, வெள்ளறடை, பாறசாலை போன்ற ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் குற்றாலம் செல்வது நெடுங்கால வழக்கம்.

திட்டமிடுவதற்கு எளிதாகத் தோன்றும் இப்பயணத்தில் சிக்கல் தூரத்தில் இல்லை. புறப்படும் ஊர் ஒரு மாநிலத்தில் இருக்கிறது; அருவி இன்னொரு மாநிலத்தில் இருக்கிறது. அருவிக்கு நீர் தரும் மலையோ இரு மாநிலங்களுக்கும் பொதுவானது. மக்கள் தினமும் கடக்கும் இந்த எல்லையை மழை பற்றிய எச்சரிக்கை மட்டும் எளிதில் கடப்பதில்லை.

1956-இல் பிரிந்த வழி

இந்த எல்லை பழைமையானதன்று. 1956 நவம்பர் 1 வரை ஆரியங்கோடு அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகாவும், குற்றாலத்தின் வாசலில் உள்ள செங்கோட்டையும் ஒரே அரசின் கீழ் இருந்தன. முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானம். பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். குற்றாலம் மட்டும் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. திருவிதாங்கூர் மன்னர்கள் அங்கு வந்து தங்குவதற்கென்றே ஓர் அரண்மனை கட்டப்பட்டது. மாநிலங்கள் பிரிந்த பின்னரும் அது கேரள அரசின் பொறுப்பிலேயே தொடர்ந்தது. பாளையங்கோட்டையில் பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் சாரல் காலத்தில் உடல்நலம் தேடிக் குற்றாலம் வந்தனர். ஜாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களைக் கம்பெனி இங்கே தோட்டமிட்டு வளர்த்துப் பார்த்தது. 'தென்னகத்தின் ஸ்பா' என்ற பட்டப்பெயர் இந்தப் பின்னணியில் வந்ததே.

மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைக் கேள்வி கொந்தளிப்பாக மாறியது. மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களுடன் செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றையும், நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளையும் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, பட்டம் தாணுப் பிள்ளை முதல்வராக இருந்தபோது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்த பசல் அலி ஆணையம் தெற்கே நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னைக்குப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரையும், தேவிகுளமும், பீர்மேடும் கேரளத்துடன் நின்றன.

அதன் விளைவு இன்றும் கண்கூடு. நெய்யாற்றின்கரையின் எல்லையோர ஊர்களில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. உறவுகள் இரு பக்கமும் உண்டு. ஆனால் குற்றாலம் செல்ல நினைக்கும் ஒருவர் இன்று ஒரே நாளில் இரண்டு அரசுகளின் சாலை விதிகள், வனத்துறைக் கட்டுப்பாடுகள், வானிலை அறிவிப்புகள் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று வழிகள்

திருவனந்தபுரத்திலிருந்து குற்றாலம் சுமார் 110 கி.மீ. நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை வழியாகச் செல்லும் சாலையே குறுக்கு வழி. தென்மலையில் அது கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையைச் சந்திக்கிறது. அங்கிருந்து ஆரியங்காவு, கோட்டவாசல், புளியரை வழியாகச் செங்கோட்டையை அடைந்தால் குற்றாலம் அருகில்தான். ஆரியங்கோட்டிலிருந்து வருவோர் காட்டாக்கடை வழியாக நெடுமங்காட்டை எட்டி இதே சாலையைப் பிடிக்கலாம். (ஆரியங்கோடும் ஆரியங்காவும் வேறு வேறு ஊர்கள்; முன்னது நெய்யாற்றின்கரை தாலுகாவிலும் பின்னது கொல்லம் மாவட்டத்தின் மலைப்பகுதியிலும் உள்ளன.) மலைப்பாதையும் காடும் இருப்பதால் ஒரு வழிக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் ஒதுக்குவது நல்லது.

இரண்டாவது வழி நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசி வழியாகச் செல்வது. சாலை அகலமானது, மலையேற்றம் இல்லை. ஆனால் தூரம் மிக அதிகம். ஒரு நாளில் போய்த் திரும்புவோருக்கு இது பயணத்திலேயே பொழுதைக் கழித்துவிடும்.

மூன்றாவது, ரயில். கொல்லத்திலிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டை செல்லும் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. சுரங்கங்களையும், கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலத்தையும் கடந்து செல்லும் இப்பாதையில் அகலப்பாதைப் பணிக்காக மலைப்பகுதிப் போக்குவரத்து 2010-இல் நிறுத்தப்பட்டது. எட்டு ஆண்டுகள் இரு பக்க மக்களும் காத்திருந்தனர். 2018-இல்தான் மீண்டும் ரயில் ஓடியது. காட்சிக்கு இணையற்ற வழி இது என்றாலும், திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் சென்று ரயில் மாற வேண்டியிருப்பதால், போவதற்கும் வருவதற்கும் நேரம் பொருந்துகிறதா என்று பார்த்த பின்னரே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரு மாநில அரசுப் பேருந்துகளும் தென்காசிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே இயங்குகின்றன. வாடகை வாகனத்தில் செல்வோர், மற்ற மாநிலத்துக்கான அனுமதியும் வரியும் செலுத்தப்பட்டுள்ளதா என்பதைப் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொண்டால் சோதனைச் சாவடியில் நேரம் வீணாகாது.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் ஒன்பது மணி அளவில் குற்றாலத்தை அடையலாம். நடுப்பகலில் நடை சாத்தப்படும் முன்பே குற்றாலநாதரைத் தரிசித்துவிடலாம். சங்கு வடிவில் அமைந்த இக்கோயில் திருஞானசம்பந்தரின் பாடல் பெற்றது. அருகிலுள்ள சித்திரசபை நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்று. பேரருவியும் ஐந்தருவியும் பார்த்து, பிற்பகல் மூன்று மணிக்குள் திரும்பப் புறப்படுவது உசிதம். புளியரைக்கும் தென்மலைக்கும் இடைப்பட்ட குறுகிய மலைச்சாலையில் சரக்கு லாரிகள் நிறைந்திருக்கும். குளத்துப்புழைக் காட்டுப் பகுதியையும் இருட்டும் முன்பே கடந்துவிட வேண்டும்.

மழை எங்கே பெய்கிறது?

இத்தனையும் பயணியின் கையில் இருப்பவை. கையில் இல்லாதது தண்ணீர். அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து, தமிழகப் பக்கத்தில் சாரலாகத் தூறுவதே குற்றாலத்தின் சீசன். அருவியின் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையுச்சியில் கனமழை பெய்யக்கூடும். பேரருவியில் விழும் வெள்ளம் நடுவே உள்ள பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக்குழியில் நிறைந்து, வேகம் தணிந்து கீழே இறங்குகிறது. அது தாங்கும் அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் குளிக்கத் தடை விதிக்கப்படும்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினர். திருநெல்வேலியைச் சேர்ந்த பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். சீசன் தொடங்காத கோடை விடுமுறைக் காலத்தில் நேர்ந்த விபத்து அது. 'ஜூன் மாதத்தில்தானே வெள்ளம்' என்ற பொதுக் கணிப்பு போதாது என்பதை அந்த ஒரு பிற்பகல் காட்டிவிட்டது.

எச்சரிக்கை மக்களைச் சேரும் முறையை இங்கே கவனிக்க வேண்டும். ஆரியங்காவு, அச்சன்கோவில் மலைகளுக்கான மழை அறிவிப்பு திருவனந்தபுரம் வானிலை மையத்திலிருந்து கொல்லம் மாவட்டத்தின் பெயரில் வெளியாகிறது. அதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவுக்கான அறிவிப்பு சென்னை மையத்திலிருந்து தென்காசி மாவட்டத்தின் பெயரில் வெளியாகிறது. அருவியில் குளிக்கத் தடை என்ற அறிவிப்போ தென்காசி மாவட்ட நிர்வாகத்திடமிருந்து, தமிழில் வருகிறது. நெய்யாற்றின்கரையில் மலையாள நாளிதழில் தன் மாவட்ட வானிலையை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படும் ஒருவருக்கு இம்மூன்றும் ஒருசேரக் கிடைப்பதில்லை. தகவலைத் தேடிப் பெறுவது பயணியின் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கிறது. நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்தவர், தடை என்றவுடன் தடுப்புக்கு வெளியே நின்று திரும்பிவிட மனம் கொள்வதும் எளிதன்று. ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

நீராடும் நீரின் நம்பகத்தன்மையை அரசுகள் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்குப் பாத் நகரம் ஒரு பாடம். 1978-இல் அங்குள்ள ஊற்று நீரில் நீந்திய சிறுமி ஒருவர் அமீபா மூளைக்காய்ச்சலால் இறந்தார். உலகப் புகழ் பெற்ற ஊற்று என்றும் பாராமல் பொதுக் குளியல் நிறுத்தப்பட்டது. புதிதாகத் துளையிட்டு, நீரின் தூய்மையை உறுதிசெய்த பின்னரே 2006-இல் புதிய நீராட்டு நிலையம் திறக்கப்பட்டது. இந்நோய் நெய்யாற்றின்கரைக்கும் புதியதன்று. 2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அருகிலுள்ள அதியன்னூர் பகுதியில் குளத்தில் குளித்த இளைஞர்கள் இதே காய்ச்சலுக்கு ஆளாயினர், ஒருவர் உயிரிழந்தார். நீராடுவது அவரவர் சொந்த விஷயம் என்று அரசு ஒதுங்கிவிட முடியாது என்பதற்கு இவை சான்று.

கொண்டு வருவதும் விட்டுச் செல்வதும்

பொறுப்பு அரசுகளுக்கு மட்டும் உரியதன்று. குற்றாலத்தில் விழும் நீர் சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்கிறது. அருவியில் கரையும் ஒவ்வொரு சோப்பும் கீழே உள்ளவரின் குடிநீரில் சேர்கிறது. இதைக் கருதியே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-இல் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை விதித்தது.

எல்லை தாண்டி வரும் கழிவு குறித்துத் தென்மாவட்ட மக்களுக்கு ஆறாத கோபம் உண்டு. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டது அம்பலமானது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்ட பின்னர், கேரளம் லாரிகளை அனுப்பி அவற்றை அள்ளிச் சென்றது. மறுபுறம், தமிழகத்தின் கல்லும் ஜல்லியும் புளியரை வழியாகக் கேரளம் செல்வதை எதிர்த்துத் தென்காசியில் போராட்டங்கள் நடந்துள்ளன. நீராட வரும் குடும்பங்களும் இதே சாலையில்தான் வருகின்றன. அவர்கள் விட்டுச் செல்லும் பிளாஸ்டிக் பைகூட அரசியலாகப் பார்க்கப்படும் சூழல் இது. கொண்டு வந்ததைத் திரும்ப எடுத்துச் செல்வது, இரு மாநில மக்களுக்கிடையே எஞ்சியுள்ள நல்லெண்ணத்தைக் காக்கும் சிறு செயல்.

செய்யக்கூடியது

இதற்குப் பெருந்திட்டமோ பெருந்தொகையோ தேவையில்லை. தென்காசி, கொல்லம் மாவட்ட நிர்வாகங்கள் பேசி முடிவெடுத்தால் போதும். அருவிகளில் குளிக்க அனுமதி உண்டா, இல்லையா என்ற அன்றாட அறிவிப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் தென்மலை, ஆரியங்காவு, புளியரை ஆகிய இடங்களில் வைக்கலாம். திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை பேருந்து நிலையங்களிலும் அதே அறிவிப்பு வெளியாக வேண்டும். மலையின் மேற்குச் சரிவில் கனமழை என்றால் அத்தகவல் கிழக்குச் சரிவில் அருவிக்கரையில் நிற்கும் காவலருக்கு உடனடியாகச் செல்ல வேண்டும்.

அதுவரை, பயணத்தைத் திட்டமிடுவோர் முதல் நாள் இரவிலும் புறப்படும் காலையிலும் இரு மாநில வானிலை அறிவிப்புகளையும் தென்காசி மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையும் பார்ப்பது அவசியம். தமிழ் தெரிந்த எல்லையோரக் குடும்பங்கள் தலைநகரில் உள்ள மலையாள நண்பர்களுக்கும் அதை எடுத்துச் சொல்லலாம். தடை என்றால் ஆரியங்காவு அருகே பாலருவி திறந்திருக்கிறதா என்று கேரள வனத்துறையிடம் கேட்டுப் பார்க்கலாம். அங்கும் தடையென்றால் இன்னொரு நாளுக்கு ஒத்திவைக்கலாம். அருவி அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.