கோடைப் பணியும் இளையோர் தலைமைப் பயிற்சியும்

கோடை விடுமுறையில் சில வாரங்கள் ஊர்ப்பணியில் ஈடுபடும் பதினைந்து, பதினாறு வயதினர் தலைமைப் பண்பைப் பெறுவர் என்று பலரும் கூறுகின்றனர். எத்தகைய பணி அவர்களை அதற்கு ஆயத்தப்படுத்தும்? செட்டிநாட்டைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

1. பெட்டியடியில் பெற்ற பயிற்சி

பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், தம் குலச் சிறுவரை இளவயதிலேயே அக்கடைகளுக்கு அனுப்பினர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் எடுபிடி வேலைகளைச் செய்துகொண்டே கணக்கெழுதக் கற்றான். பின்னர் அடுத்தாளாகவும், தகுதி பெற்றபின் மேலாளாகவும் உயர்ந்தான். இம்முறையின் வலிமை அதன் படிநிலையில் இருந்தது. சிறு பொறுப்பில் நம்பிக்கைக்குரியவன் என விளங்கியவனிடமே பெரிய பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. எனினும் அது ஒரு குலத்தின் ஆண்மக்களுக்கே உரியதாயிருந்தது. அதன் நோக்கமும் பொருளீட்டலே. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அத்தொழில் நலிந்தது. பயிற்சி முறையும் படிப்படியாக மறைந்தது.

2. நாட்டு நலப்பணித் திட்டம்

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் இத்திட்டம் தொடங்கப்பெற்றது. பின்னர் மேனிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கல்லூரித் தொண்டர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுவதோடு, ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்குபெற வேண்டும். ஆண், பெண், சாதி வேறுபாடின்றி எவரும் சேரலாம் என்பதால் பழைய முறையின் பெருங்குறை இதில் இல்லை. ஆனால், ஏழு நாட்களில் பொறுப்புகள் படிப்படியாக வளர்வது அரிது. பிறர் வகுத்த வேலையைச் செய்து, நிறைவு விழாவோடு திரும்பும் மாணவன் உழைக்கக் கற்கிறான். முடிவெடுக்கும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டுவதில்லை.

3. ஊருணி எனும் பள்ளி

வறண்ட செட்டிநாட்டில் மழைநீரைத் தேக்கிய ஊருணிகளே நெடுங்காலம் ஊரின் உயிர்நாடியாக இருந்தன. நீர் வற்றும் கோடையே அவற்றைத் தூர்வார ஏற்ற காலம். இப்பணியை இளையோரிடம் ஒப்படைத்தால், மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னரே அவர்களுடைய பயிற்சி தொடங்கிவிடும். வரத்துக்கால் எவ்வழியே வந்தது என்று முதியோரிடம் கேட்டறிய வேண்டும்; ஊராட்சியின் இசைவைப் பெற வேண்டும்; வரவுசெலவை ஊரார் முன் படித்துக் காட்ட வேண்டும்.

இவற்றினும் கடினமான வினா ஒன்றுண்டு: இந்நீர் யாருக்கு உரியது? ஊர்ப் பொதுநீர் எல்லாச் சாதியாருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை என்பது தமிழகம் அறிந்த வரலாறு. ஊருணியைத் தூய்மை செய்யும் இளையோர் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லலாகாது. சேரியிலிருந்து வந்த மாணவியும் பெரிய வீட்டுப் பையனும் ஒரே குழுவில் இருந்து, அவள் எடுத்த முடிவை அவன் ஏற்று நடக்கும்போது, இருவருமே தலைமையின் பொருளை உணர்வர்.

4. பணியின் சோதனை

கோடையில் செய்த வேலையை ஐப்பசி மழையே சோதிக்கும். அப்போது மாணவர் பள்ளிக்குத் திரும்பியிருப்பர். நீர் வந்து சேர்ந்ததா, வரத்துக்கால் மீண்டும் அடைபட்டதா என்று அவர்கள் சென்று பார்த்து, ஊராருக்கு விடை சொல்ல வேண்டும். ஆகவே, பயிற்சியைத் திட்டமிடுவோர் மூன்றைக் கருத்திற்கொள்வது நலம்: பொறுப்பு படிப்படியாக வளரட்டும், பிழை செய்யவும் திருத்தவும் இடமிருக்கட்டும், விடுமுறை முடிந்த பின்னும் உறவு தொடரட்டும். நிறைவு விழாவில் பெறும் சான்றிதழைவிட, மழைக்குப் பின் ஊரார் கேட்கும் கேள்விக்கு நேர்மையாக விடையளிப்பதே இளைஞரைத் தலைவராக்கும்.