குடல்வாய் உள்ளவர்களின் அன்றாடப் பராமரிப்பு: உறிஞ்சும் துணியை எப்படிப் பாவிப்பது?

வயிற்றில் வெடிகாயம் பட்டோ குடல் நோய் வந்தோ சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, மலம் வெளியேறுவதற்காகக் குடலின் ஒரு பகுதியை வயிற்றின் மேற்பக்கம் கொண்டுவந்து தைத்திருப்பார்கள். இந்தத் திறப்பே குடல்வாய். வைத்தியசாலையில் இதனைக் ‘கொலஸ்டமி’ என்பார்கள். ஊருக்குத் திரும்பிய பின், பை எடுக்கத் தூரம் போகவேண்டி வரலாம். தகரக் கொட்டிலில் வெக்கையும் அதிகம். இந்த நிலையில் வீட்டிலுள்ள பழைய பருத்தித் துணி நல்ல உதவி. ஆனால் அதை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மலம் வரும் குடல்வாய்க்குப் பைதான் தேவை. துணி அதற்குப் பதிலாகாது. துணி மலத்தின் ஈரத்தை உறிஞ்சித் தோலோடு வைத்திருக்கும். தோல் அவிந்து புண்ணாகும். புண்ணான தோலில் பை ஒட்டாது. ஒட்டாத பை ஒழுகும், புண் இன்னும் கூடும்.

பைக்கு மேல் உறை

பிளாஸ்டிக் பை வியர்வையில் தோலோடு ஒட்டி, கடியையும் பருக்களையும் உண்டாக்கும். இதற்குப் பழைய சாரம் அல்லது சேலையில் உறை தையுங்கள்.

• பையைவிட ஒரு பெருவிரல் அகலம் கூடுதலாக இரண்டு துண்டுகள் வெட்டுங்கள்.
• உடலோடு படும் துண்டில், பை வயிற்றில் ஒட்டும் பகுதி வெளியே வருமளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்டுங்கள்.
• கீழ்ப்பக்கத்தைத் தைக்காமல் விட்டால், உறையைக் கழற்றாமலே பையை வெறுமையாக்கலாம்.
• மூன்று நான்கு உறைகள் இருந்தால் தினமும் மாற்றலாம். சவர்க்காரம் போட்டுத் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள்.

பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்குங்கள். பாரம் கூடினால் பை கழன்றுவிடும்.

சளி மட்டும் வரும் வாய்

சிலருக்கு வயிற்றில் இரண்டு வாய்கள் இருக்கும். ஒன்றில் மலம் வரும். மற்றதில் சளி மட்டும் வரும். சளி வரும் வாய்க்குப் பெரும்பாலும் பை தேவைப்படாது. அதன்மேல் சிறிதளவு வாசலின் பூசிய கோஸ் துணியை வைத்து, அதற்கு மேல் மடித்த சுத்தமான பருத்தித் துணியை வையுங்கள். ஈரமானதும் மாற்றுங்கள். பஞ்சை நேரடியாக வைக்கவேண்டாம். அதன் நார் குடல்வாயில் ஒட்டிக்கொள்ளும். எந்த வாய் எது என்று சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் தாதியிடம் கேளுங்கள்.

பை முடிந்துவிட்டால்

புதிய பை கிடைக்கும் வரை மட்டும், சுற்றியுள்ள தோலில் வாசலின் பூசி, மடித்த துணியை வைத்துக் கட்டலாம். அழுக்கானால் உடனே மாற்ற வேண்டும். புதிய பை ஒட்டுமுன் வாசலினைச் சவர்க்காரத்தால் கழுவி, தோலை நன்றாக அலசித் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பை ஒட்டாது. கடைசிப் பை வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே கிளினிக்குக்குப் போங்கள்.

சுத்தம் செய்தல்

குடல்வாயைச் சுத்தமான நீரால் மெதுவாகக் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். டெற்றோல், ஸ்பிரிட் பாவிக்கவேண்டாம். துடைக்கும்போது சிறிது இரத்தம் கசிவது வழக்கம், பயப்படத் தேவையில்லை. பாவித்த பையை வெறுமையாக்கிச் சுற்றி, கிணற்றுக்கு எட்டத்தில், நாய் கிளறாத ஆழத்தில் புதையுங்கள். மலசலகூடக் குழிக்குள் போடவேண்டாம்.

உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டியவை

• சிவப்பாக இருக்கும் குடல்வாய் கறுத்தோ கருநீலமாகவோ மாறினால்
• இரத்தம் நிற்காமல் வந்தால்
• மலமும் காற்றும் வராமல் வயிறு வீங்கி, வயிற்றுவலியும் வாந்தியும் இருந்தால்
• தண்ணீராக அதிகம் போய், உடல் சோர்ந்தால் (போகும் வழியிலேயே ஜீவனி கரைத்துக் குடியுங்கள்)

இன்னுமொரு முக்கிய விடயம். காயத்துக்காக வைத்த குடல்வாய்கள் பல தற்காலிகமானவை. குடல் ஆறியபின் மீண்டும் சத்திரசிகிச்சை செய்து மூடலாம். இது தெரியாமலும் வெட்கத்தாலும் சிலர் வருடக்கணக்கில் பையோடு இருந்துவிடுகிறார்கள். உங்கள் சத்திரசிகிச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போய், “இதை மூடலாமா?” என்று கேளுங்கள். அங்கே சிகிச்சை இலவசம். துண்டு இடப்பெயர்வில் தொலைந்திருந்தாலும் போங்கள். வைத்தியர் பரிசோதித்துச் சொல்வார்.