லாரி எஞ்சினும் உத்தரவாதச் சீட்டும்

கிள்ளான் துறைமுகத்துக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. கொள்கலன் ஏற்றிய பெரிய லாரிகளும் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு அரிசியும் காய்கறியும் இறக்கும் சிறிய லாரிகளும் உண்டு. ஒரே ஒரு லாரியைத் தவணையில் வாங்கி, அதைக் கொண்டே குடும்பம் நடத்துகிறவர்களை நாம் அறிவோம். அந்த லாரி பட்டறையில் படுத்துவிட்டால் வருமானம் நின்றுவிடும், தவணை நிற்காது.

இத்தகையவர்களைத் தேடி ஒரு விளம்பரம் வருகிறது. சிறு கருவி ஒன்றை எஞ்சினில் பொருத்தினால் இழுவை கூடும், டீசல் மிச்சமாகும் என்கிறது அது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசலின் பொது விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னாக உயர்ந்ததை நினைத்தால், இந்தப் பேச்சில் மனம் சாய்வது வியப்பல்ல. ஆனால் கருவியின் விலையோடு கணக்கு முடிவதில்லை. உத்தரவாதத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். இக்கால டீசல் எஞ்சின்களில் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் மிகுந்த அழுத்தத்துடன் தேக்கி வைக்கப்படுகிறது. ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1995-இல் ஹினோ லாரியில் இம்முறையைக் கொண்டுவந்தது. எவ்வளவு டீசலை, எந்தக் கணத்தில் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. குழாயின் அழுத்தத்தை அதற்குச் சொல்வது ஓர் உணரி.

ஒரு வகைக் கருவி, உணரிக்கும் கணினிக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று பொய் சொல்கிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது; கூடுதல் டீசல் பாய்கிறது. மற்றொரு வகையில், கணினிக்குள் இருக்கும் நிரலையே மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

இழுவை கூடுவது உண்மையே. ஆனால் கூடுதலாக எரியும் டீசல் கூடுதல் வெப்பத்தையும் தருகிறது. சுமையோடு மேடு ஏறும்போது டர்போவும் பிஸ்டனும் தாங்கும் அளவைத் தாண்டிச் சூடாகலாம். கிளட்ச் விரைவில் தேயும். டீசல் முழுதும் எரியாவிட்டால் கரும்புகை வரும். புகைச் சோதனையில் லாரி தோற்கவும் கூடும்.

எஞ்சின் பழுதாகி விற்பனை நிலையத்துக்கு வரும்போது, பலர் கருவியைக் கழற்றிவிட்டே கொண்டுவருகிறார்கள். அதனால் தடயம் மறைந்துவிடாது. நிரல் மாற்றப்பட்டதைப் பல கணினிகள் காட்டிக்கொடுக்கும். அளவுக்கு மீறிய அழுத்தம் பிழைக் குறியாகப் பதிந்திருக்கலாம். உருகிய பிஸ்டனே சாட்சி சொல்லும். விற்பனை நிலையத்தின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். உத்தரவாத வேலைக்கான பணத்தைத் தருவது தயாரிப்பாளர். அவர் மறுத்தால் உதிரிப்பாகச் செலவும் கூலியும் நிலையத்தின் தலையில் விழும். ஆகவேதான் எஞ்சினைப் பிரிக்கும் முன்பே கணினியைப் படித்துப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் கருவி பொருத்தியதும் உத்தரவாதம் முழுவதும் போய்விடுமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பழுதுக்கும் கருவிக்கும் தொடர்பு உண்டா என்பதே நியாயமான கேள்வி. கதவுப் பூட்டு கெட்டதற்கு எஞ்சின் கருவி காரணமாகாது. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம், சொந்த உபயோகத்துக்கான பொருள்களுக்கு இந்த எண்ணத்தையே அடிப்படையாகக் கொண்டது.

நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். ஆனால் அச்சட்டம் வீட்டு உபயோகப் பொருள்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. பிழைப்புக்காக ஓடும் சரக்கு லாரி பொதுவாக அதில் அடங்காது. லாரிக்காரருக்கு உள்ள வழி, 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் உத்தரவாதப் புத்தகத்தின் வாசகமுமே. வழக்கு மன்றம் செல்வதானால் செலவும் காலமும் பிடிக்கும். அதுவரை லாரி நின்றுகொண்டுதான் இருக்கும்.

ஆகவே, கருவி வாங்கும் முன் உத்தரவாதப் புத்தகத்தில் மாற்றங்களைப் பற்றிய பகுதியைப் படிப்போம். படிக்க இயலாதவர் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்யலாம். கருவி விற்பவர் "உத்தரவாதத்துக்கு ஒன்றும் ஆகாது" என்றால், எஞ்சின் கெட்டால் செலவை ஏற்பதாக எழுதித் தரச் சொல்வோம். எண்ணெய் மாற்றிய ரசீதுகளைச் சேர்த்து வைப்போம். கோரிக்கை மறுக்கப்பட்டால், எந்தப் பாகம், என்ன காரணம், கணினியில் கண்டது என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவோம். டீசலை மிச்சப்படுத்த, சக்கரங்களில் சரியான காற்றும், சுத்தமான காற்று வடிகட்டியும், நிதானமான வேகமும் உதவும். இவற்றால் எந்த உத்தரவாதமும் கெடுவதில்லை.