காப்பி அடிக்கலாம் வாங்க!

பரீட்சையில் காப்பி அடித்தால் கதை கந்தல். ஆயில் பெயின்டிங்கில் அதுதான் முதல் பாடமே! பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 1793-ல் திறந்த காலத்திலிருந்து, ஓவியர்கள் அங்கே ஸ்டாண்டைப் போட்டு நின்று பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகியிருக்கிறார்கள். இன்றும் அனுமதி உண்டு. நகல் அசலின் அளவிலேயே இருக்கக் கூடாது என்பது அங்கே ஒரு விதி.

காப்பி அடிச்சா என்ன கத்துக்க முடியும்னு கேட்கிறீர்களா? நம்ம பாஷையில் இது ரிவர்ஸ் இன்ஜினியரிங். முடிந்துபோன ஒன்றைப் பார்த்து, அது எந்த வரிசையில் உருவானது என்று கண்டுபிடிக்கும் வேலை.

சரி, எதை வரையலாம்? என் சிபாரிசு, டச்சு ஓவியர் யொஹானஸ் வெர்மீர் சுமார் 1665-ல் வரைந்த 'முத்துத் தோடு அணிந்த பெண்'. நெதர்லாந்தின் ஹேக் நகரில், மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 44.5 × 39 செ.மீ. மட்டுமே. ஒரு முகம், ஒரு தலைப்பாகை, இருண்ட பின்னணி. அவ்வளவுதான்.

முதலில் அடுக்கு. ஆயில் பெயின்டில் இருக்கும் ஆளி விதை எண்ணெய், தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதற்கு நாள்கணக்கில் ஆகும். வெர்மீர் பழுப்பையும் கறுப்பையும் வைத்து வெளிச்சம், நிழலை முதலில் அமைத்துவிட்டு, அதன் மேல்தான் நிறங்களை ஏற்றினார். நாமும் முதல் அடுக்கை டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் போட வேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூடலாம். இதை மாற்றிச் செய்தால் கீழ் அடுக்கு இறுகும் முன்பே மேல் அடுக்கு இறுகி, பின்னால் வெடிப்பு விடும்.

அடுத்தது பார்வை. மூக்குன்னா ரெண்டு கோடுன்னு நம் கை பழகியிருக்கிறது. இந்த ஓவியத்தில் மூக்குத்தண்டுக்கும் அதற்கு அப்பால் உள்ள கன்னத்துக்கும் நடுவே கோடே கிடையாது. இரண்டும் ஒன்றோடொன்று கரைகின்றன. அந்தப் புகழ்பெற்ற முத்து? அதைத் தொங்கவிடக் கொக்கிகூட இல்லை. மேலே ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே காலரின் மங்கலான பிரதிபலிப்பு. மிச்சத்தை நம் மூளைதான் வரைந்துகொள்கிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வரைந்து பாருங்கள். 'மூக்கு', 'கண்' என்ற பெயர்கள் மறந்து, வெறும் வடிவமும் நிழலும் தெரியும்.

மூன்றாவது சந்தேகம். பின்னணி கறுப்பாகத் தெரிகிறது, இல்லையா? 2018-ல் நடந்த ஆய்வு வேறு கதை சொன்னது. வெர்மீர் அங்கே வரைந்தது பச்சைத் திரை. அவுரி நீலத்தையும் ஒரு செடியின் மஞ்சள் சாயத்தையும் கலந்து அவர் பூசிய பச்சை, காலப்போக்கில் மங்கிவிட்டது. இப்போது நீங்கள் எதை நகல் எடுப்பீர்கள்? இன்று தெரிவதையா, அன்று அவர் வரைந்ததையா? இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தப்பில்லை. ஆனால் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹாஸ்டல் ரூமில் வரைபவர்கள் கவனிக்க: ஜன்னலைத் திறந்து வையுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளியாகும். அந்தத் துணி தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போடுங்கள். வெர்மீர் பயன்படுத்திய ஈய வெள்ளை நச்சு. நமக்கு டைட்டானியம் வெள்ளை போதும்.

அசலின் இடது மேல் மூலையில் வெர்மீரின் கையெழுத்து உண்டு. அதை மட்டும் காப்பி அடிக்காதீர்கள். கேன்வாஸின் பின்பக்கம் 'வெர்மீரைப் பார்த்து' என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். படிப்புக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வரிதான்.

நகல் முடிந்ததும் உண்மையான பரீட்சை. ரூம்மேட்டை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது காப்பி அடிக்க எதிரே ஓவியம் இல்லை, முகம் மட்டும்தான். அந்த மூக்கைக் கோடு இல்லாமல் வரைந்துவிட்டால், நீங்க பாஸ்!