தண்டவாளம் போனது, வளைவு மிச்சம்

அமெரிக்காவின் ராலே நகரிலிருந்து வடக்கே ரிச்மண்டுக்கு ரயிலேறினால், வண்டி முதலில் தென்கிழக்காகத்தான் போகும். செல்மா வரை சுற்றிவிட்டுத்தான் வடக்கே திரும்பும். நேர்வழியும் ஒன்று இருந்தது. 'எஸ் லைன்' என்பார்கள். 1980களில் அதன் நடுப்பகுதியை, பீட்டர்ஸ்பர்க்குக்கும் நார்லினாவுக்கும் இடையே, மூடித் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். அந்தத் தடத்தில்தான் இப்போது மணிக்கு 177 கி.மீ. வேகத்தில் பயணிகள் ரயில் ஓட்டத் திட்டமிடுகிறார்கள்.

அந்நாட்டில் பெரும்பாலான தடங்களில் உச்சவேகம் 127 கி.மீ.தான். எஞ்சினுக்குத் தெம்பில்லாமல் அல்ல. 1946இல் நேப்பர்வில் ரயில் விபத்தில் 45 பேர் இறந்தபின், அந்த வேகத்துக்கு மேல் ஓட்டத் தானியங்கிப் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்று விதி வந்தது. செலவுக்குப் பயந்த கம்பெனிகள் வேகத்தைக் குறைத்துக்கொண்டன.

ஐம்பது கி.மீ. கூட்டுவது பெரிய காரியமா? வளைவைக் கேட்டால் தெரியும். வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் 1.4 மடங்கானால் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெளிப்புறத் தண்டவாளத்தை உயர்த்தி ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் அதே பாதையில் மெதுவாக ஊரும் சரக்கு ரயிலும் வந்தால் பாரமெல்லாம் உட்புறத் தண்டவாளத்தில் இறங்கி, அதைத் தேய்த்துவிடும். ஆகவே உயர்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் வளைவையே அகலமாக்க வேண்டும். பழைய ஆட்கள் மேட்டை அதிகம் வெட்டாமல், பள்ளத்தை அதிகம் தூர்க்காமல், நிலம் போன போக்கில் பாதை போட்டவர்கள். அதை நிமிர்த்தினால் பாதை பழைய மண்மேட்டை விட்டு யாருடைய வயலிலோ இறங்கும்.

ஒரு வசதி, அந்த நடுப்பகுதியில் ரயிலே ஓடவில்லை. ஓடும் பாதையில் இரவில் இரண்டு மணி நேரம் கெஞ்சி வாங்கி வேலை செய்யும் தொல்லை இல்லை.

அடுத்தது லெவல் கிராசிங். 177 கி.மீ. வரை கேட் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம்தருகிறது. ஆனாலும் இந்தத் தடத்தில் கேட்டே வேண்டாம், சாலைகள் மேலே போகட்டும் அல்லது கீழே போகட்டும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். சரியான முடிவென்றே படுகிறது. இந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 49 மீட்டர் நகரும். கார்க்காரர் கேட் முன் பொறுமையிழக்கும் முப்பது நொடியில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டி வந்துவிடும்.

2023 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசு இத்திட்டத்துக்கு 109.5 கோடி டாலர் ஒதுக்கியது. அது ராலேயிலிருந்து வேக் ஃபாரஸ்ட் வரைக்கும்தான். அந்தத் துண்டில் சரக்கு ரயிலுக்கான தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. பிடுங்கிய பகுதி அதற்கும் வடக்கே, நார்லினாவைத் தாண்டித்தான் தொடங்குகிறது.